வேட்பாளரைக் குறை சொல்வது எதுவரை? – கேள்வி பதில்

அமெரிக்கத் தேர்தல் செய்திகளில் நிறமும் இனமும் ஏன் இவ்வளவு அடிபடுகின்றன என்று ஒருவர் கேட்கப்போய், கேள்விகள் வரிசையாக வந்துவிட்டன. கேரளத்துச் சித்தூர்ப் பக்கம் கல்லூரியில் அரசியல் பாடம் நடத்தியவன் என்பதால் பதில் சொல்லும் பொறுப்பு எனக்கு வந்தது. வீட்டில் தமிழ் பேசி, வேறு மாநிலத்தில் ஓட்டுப் போடுகிறவர்கள் நாம். நமக்கு இது தூரத்து விஷயமில்லை.

கொழிஞ்சாம்பாறை, ஜவுளிக்கடைக்காரர்: சார், கறுப்பர் ஒருவரைக் குறை சொன்னாலே இனவெறி என்கிறார்கள். அப்படியானால் அவரை யாரும் எதுவும் கேட்கக் கூடாதா?

தாராளமாகக் கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும். ஒபாமா காலத்து ஆளில்லா விமானத் தாக்குதல்களில் அப்பாவிகள் செத்தார்கள், அவர் கொண்டுவந்த மருத்துவக் காப்பீட்டுச் சட்டம் சரியில்லை என்றெல்லாம் சொன்னால், அது அவர் செய்ததைப் பற்றிய பேச்சு. அதை இனவெறி என்று சொல்லித் தட்டிக்கழித்தால் அதுவும் ஏமாற்றுதான்.

எனக்குத் தெரிந்த நல்ல சோதனை ஒன்று உண்டு. அதே குற்றச்சாட்டு வேறு நிறத்து வேட்பாளருக்கும் பொருந்துகிறதா, பொருந்தினால் அவரையும் அப்படித்தான் கேட்டார்களா என்று பாருங்கள். ஒபாமா ஹவாயில் பிறந்தவர். அவர் கென்யாவில் பிறந்தவர், பிறப்பால் அமெரிக்கர் இல்லை, அதனால் அதிபராகத் தகுதியில்லை என்று கிளப்பிவிட்டார்கள். அதே 2008 தேர்தலில் அவரை எதிர்த்து நின்ற ஜான் மெக்கெய்ன் உண்மையிலேயே அமெரிக்க மாநிலங்களுக்கு வெளியே, பனாமா கால்வாய் மண்டலத்தில் பிறந்தவர். அவர் பிறப்பால் அமெரிக்கரே என்று அவர்கள் மேலவையான செனட் ஒரு தீர்மானம் போட்டது, பெரிய சலசலப்பில்லாமல் முடிந்தது. ஒபாமா 2011 ஏப்ரலில் முழுப் பிறப்புச் சான்றிதழை வெளியிட்ட பிறகும் பேச்சு அடங்கவில்லை. அதை ஊதிப் பெருக்கிய டிரம்ப், ஒபாமா அமெரிக்காவில்தான் பிறந்தார் என்று ஒப்புக்கொண்டது 2016 செப்டம்பரில். இரண்டு பேரிடமும் கேட்ட கேள்வி ஒன்றே. ஒருவருக்கு மட்டும் எந்தப் பதிலும் போதவில்லை.

மூணாறு, எஸ்டேட் ஊழியர்: அப்போ பிறப்பைப் பற்றிக் கேட்பதே தப்பா?

சட்டம் அதைத் தகுதியாக வைத்திருந்தால் தப்பில்லை. உங்கள் தேவிகுளமே பட்டியல் சாதியினருக்கான தனித் தொகுதி. 2021இல் ஜெயித்தவரின் தகுதியை எதிர்த்து வழக்குப் போட்டார்கள். 2023இல் கேரள உயர் நீதிமன்றம் அந்தத் தேர்தல் செல்லாது என்றது, 2025இல் உச்ச நீதிமன்றம் அதை மாற்றி அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. ஆவணத்தோடு கோர்ட்டில் கேட்பது முறையான வழி. தீர்ப்பு வந்த பிறகும் மேடையில் அதையே பேசிக்கொண்டிருந்தால்தான் வேறு கணக்கு.

வேலந்தாவளம், கல்லூரி மாணவி: இப்போதெல்லாம் யாரும் வெளிப்படையாக நிறத்தைச் சொல்லித் திட்டுவதில்லையே. பிறகு எப்படி இது நடக்கிறது?

ஜாடையாக நடக்கிறது, தங்கச்சி. 1988 அதிபர் தேர்தலை எடுத்துக்கொள்ளுங்கள். ஜார்ஜ் புஷ்ஷின் எதிராளி மைக்கேல் டுகாக்கிஸ், மாசசூசெட்ஸ் கவர்னர். அங்கே கைதிகளை வார இறுதிக்கு வெளியே விடும் திட்டம் இருந்தது. அப்படிப் போன வில்லி ஹார்ட்டன் என்ற கொலைக் கைதி திரும்பி வரவில்லை. மேரிலாந்தில் ஒரு வீட்டுக்குள் புகுந்து, அங்கிருந்தவரைத் தாக்கி, அவருடைய வருங்கால மனைவியைப் பலாத்காரம் செய்தான். கொடூரமான குற்றம். கவர்னரைக் கேள்வி கேட்கவும் நியாயம் உண்டு.

புஷ்ஷை ஆதரித்த ஒரு தனிக் குழு எடுத்த டிவி விளம்பரத்தில் ஹார்ட்டனின் போலீஸ் போட்டோ வந்தது. கறுப்பு முகம், கலைந்த தலைமுடி, தாடி. ‘கறுப்பர்’ என்ற சொல் விளம்பரத்தில் எங்கேயும் இல்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை, படமே சொல்லிவிட்டது. அந்தத் திட்டத்தைத் தொடங்கியவர் புஷ்ஷின் கட்சியைச் சேர்ந்த முந்தைய கவர்னர் என்பதை மட்டும் சொல்லாமல் விட்டார்கள். ஹார்ட்டன் பெயரைப் பிரச்சாரம் முழுக்க இழுத்தவர் புஷ்ஷின் மேலாளர் லீ அட்வாட்டர். மூளையில் கட்டி வந்து, சாவதற்குக் கொஞ்சம் முன்னால், டுகாக்கிஸிடம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார்.

ஜாடைப் பேச்சுதான் அதிக ஆபத்து என்பது என் கருத்து. நேரடி வசவுக்குப் பதில் சொல்லலாம். ஜாடைக்குப் பதில் சொல்லப் போனால், ‘நான் எங்கே அப்படிச் சொன்னேன்?’ என்று கைவிரித்துவிடுவார்கள்.

கல்பாத்தி, ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்: அமெரிக்க அதிபர் வேட்பாளராக முயன்ற விவேக் ராமசாமியின் பெற்றோர் நம் வடக்கஞ்சேரிக்காரர்கள். நம்மவர் என்று சந்தோஷப்படுவதும் இனவாதமா, மாஷே?

சந்தோஷப்படுங்கள் மாமி, அதில் குற்றமில்லை. கமலா ஹாரிஸுக்காக அவர் அம்மாவின் பூர்வீக ஊரான துளசேந்திரபுரத்தில் கோயிலில் பூஜையே செய்தார்கள். ஆனால் நம்மவர் என்பதற்காக அவர்கள் கொள்கையைக் கேட்காமல் விடக் கூடாது.

2024 மே மாதம் ஆன் கோல்ட்டர் என்ற வலதுசாரிப் பேச்சாளர் விவேக்கின் சொந்த நிகழ்ச்சியிலேயே உட்கார்ந்து, நீங்கள் சொல்லும் பலதும் எனக்குச் சம்மதம், ஆனாலும் நீங்கள் இந்தியர் என்பதால் ஓட்டுப் போட்டிருக்க மாட்டேன் என்றார். கொள்கை ஒத்துப்போயும் பிறப்பு ஒத்துப்போகவில்லை! கேட்கவே மனம் கொதிக்கிறது. கமலாவுக்கு நடந்தது வேறு விதம். அவர் இந்தியராகத்தான் இருந்தார், திடீரென்று கறுப்பராகிவிட்டார் என்று அதே ஆண்டு ஜூலையில் சிகாகோவில் டிரம்ப் பேசினார். அப்பா ஜமைக்காக்காரர், அம்மா தமிழ்ப் பெண். கறுப்பர்களுக்கென்று தொடங்கிய ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் 1980களிலேயே படித்தவர். எதுவும் திடீரென்று நடக்கவில்லை.

நகரி, விசைத்தறிக்காரர்: இப்படிப் பேசினால் ஓட்டு கூடுமா அண்ணா, குறையுமா?

இரண்டும் நடந்திருக்கிறது. 2006இல் வர்ஜீனியாவின் ஜார்ஜ் ஆலன் செனட்டுக்கு மறுபடி நின்றார். எதிர்த் தரப்புக்காகக் கூட்டத்தை வீடியோ எடுத்துக்கொண்டிருந்த இந்திய வம்சாவளி இளைஞரைக் குரங்கு வகையின் பெயரால் கூப்பிட்டு, அமெரிக்காவுக்கு வரவேற்கிறோம் என்றார். அந்தப் பையன் வர்ஜீனியாவிலேயே வளர்ந்தவன், கேமராவும் ஓடிக்கொண்டிருந்தது. ஆலன் 10,000க்கும் குறைவான ஓட்டில் தோற்றார். ஹார்ட்டன் விளம்பரம் வந்த தேர்தலில் புஷ் ஜெயித்தார். வேறு காரணங்களும் இருந்தன என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

குப்பம், ஆசிரியை: நம் நாட்டில் சட்டம் இதைத் தடுக்கிறதா?

தடுக்கிறது. 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 123(3) பிரிவு. மதம், இனம், சாதி, சமூகம், மொழி பேரில் ஓட்டுக் கேட்பதும், ஓட்டுப் போடாதே என்பதும் முறைகேடு. தேர்தல் முடிவு வந்த 45 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் மனுப் போட வேண்டும். வேட்பாளரின் இனம், சாதி மட்டுமில்லை, வாக்காளருடையதைச் சொல்லிக் கேட்டாலும் தப்பு என்று 2017இல் உச்ச நீதிமன்றத்தின் 7 நீதிபதிகள் அமர்வு 4க்கு 3 என்று சொன்னது. அமெரிக்காவில் பேச்சுரிமைக்கு இருக்கும் பாதுகாப்பால் இப்படி ஒரு தடை கிடையாது.

கோவிந்தாபுரம், மாந்தோப்புக்காரர்: இங்கே கேரளத்தில் தமிழ் பேசும் நம்மைப் ‘பாண்டி’ என்கிறார்கள். அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே?

சொல்கிறேன். அது இழிவுதான், தேர்தல் சமயத்தில் அதன் சத்தம் கூடுவதும் நமக்குத் தெரியும். அதே மூச்சில் இன்னொன்றையும் பார்ப்போம். உங்களுக்குப் பக்கத்து வடவன்னூர் எம்.ஜி.ஆர். குடும்பத்து ஊர். தமிழ்நாட்டில் அவரை எதிர்த்தவர்கள் மலையாளி, மலையாளி என்று பேசினார்கள். 1977, 1980, 1984 மூன்று தேர்தலிலும் மக்கள் அவரைத்தான் ஜெயிக்க வைத்தார்கள். அவர் ஆட்சியில் கேட்க வேண்டிய கேள்விகள் எத்தனையோ இருந்தன. பிறப்பைப் பேசிய நேரத்தில் அதையெல்லாம் கேட்டிருக்கலாம். ‘பாண்டி’ என்றால் நமக்கு வலிக்கிறது. அதே நாம் எல்லை தாண்டி உறவுக்காரர் வீட்டுக்குப் போனால், தெலுங்குக்காரன், மலையாளி என்று ஒருவரைத் தள்ளும் பேச்சுக்குத் தலையாட்டுகிறோம்.

எருத்தேம்பதி, தேர்தல் வேலை பார்க்கும் இளைஞர்: எங்கள் கூட்டத்தில் நம் ஆளே எதிர் வேட்பாளரின் சாதியைச் சொல்லித் திட்டினால் என்ன செய்வது?

அங்கேயே மைக்கை வாங்கிவிடுங்கள், தம்பி. 2008 அக்டோபரில் மின்னசோட்டாவில் ஒரு பெண்மணி எழுந்து, ஒபாமாவை நம்ப முடியாது, அவர் அரபுக்காரர் என்றார். மெக்கெய்ன் தலையை ஆட்டிக்கொண்டே மைக்கை வாங்கி, இல்லை, அவர் கண்ணியமான குடும்பஸ்தர், எனக்கு அவரோடு கொள்கை வேறுபாடுதான் என்றார். 2000இல் தென் கரோலினாவில் அவரே இதில் அடிபட்டவர். வங்கதேசத்திலிருந்து தத்தெடுத்த மகளைக் காட்டி, இவருக்குக் கறுப்பினத்தில் கள்ளக் குழந்தை என்று வதந்தி பரப்பினார்கள்.

அந்தப் பதிலில் எனக்கு ஒரு குறை உண்டு. அரபுக்காரர் என்றால் கண்ணியமானவர் இல்லையா? அதனால் நீங்கள், ‘அவர் அந்தச் சாதி இல்லை’ என்று சொல்ல வேண்டாம். ‘அவர் எந்தச் சாதியாக இருந்தால் என்ன, மூலத்தறைக் கால்வாய்த் தண்ணீர் நம் பக்கம் வர அவர் என்ன செய்தார் என்று கேளுங்கள்’ என்று சொல்லுங்கள். கூட்டம் முணுமுணுக்கும். மெக்கெய்னுக்கும் அன்று சொந்தக் கூட்டமே கூச்சல் போட்டது. அதற்காக அவர் மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிடவில்லை.