தொலைதூரக் கோளின் காற்றில் உயிரின் தடயத்தை எப்படித் தேடுகிறார்கள்?

உயிர்கள் வெளியிட்டுக் கோளின் காற்றில் கலந்து நிற்கும் வாயுதான் உயிர்த்தடயம். கோள் தன் விண்மீனுக்கு முன்னால் கடக்கும்போது, விண்மீன் ஒளியில் மிகச் சிறு பங்கு அந்தக் காற்றின் வழியே வடிந்து வருகிறது. ஒவ்வொரு வாயுவும் தனக்கென்று ஒளியின் சில அலைநீளங்களை, அதாவது நிறங்களை, விழுங்கிவிடும். கண்ணாடித் தம்ளரில் கட்டந்தேநீரை வெயிலுக்கு எதிரே தூக்கிப் பிடித்தால் நீலம் மறைந்து செம்மை மட்டும் தெரியுமே, அதுபோல. எது மறைந்திருக்கிறது என்று பார்த்து, எந்த வாயு என்று கண்டுகொள்கிறார்கள்.

124 ஒளியாண்டுக்கு அப்பாலுள்ள கே2-18பி கோளில் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி மீத்தேனையும் கார்பன் டை ஆக்சைடையும் கண்டதாக 2023இல் அறிவித்தார்கள். 2025இல் டைமெத்தில் சல்பைடு என்ற வாயுவுக்கான தடயமும் சொல்லப்பட்டது. ஆனால் அளவீட்டில் தற்செயலாக வரும் ஏற்ற இறக்கமே அப்படித் தோன்ற 0.3% வாய்ப்பு இருந்தது. கண்டுபிடிப்பு என்று ஏற்க அது 0.00006%க்கும் கீழே இறங்க வேண்டும்.

வாயு கிடைத்தாலே உயிர் கிடைத்தது என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் பூமியில் கடல் நுண்பாசிகளால் உண்டாகும் இதே டைமெத்தில் சல்பைடு, உறைந்து கிடக்கும் 67பி வால்மீனிலும் இருக்கிறது.