ரோபோவுக்குப் பிள்ளை பிறந்தால்: கேள்வி பதில்

இலங்கை மலையகத்தில் அட்டன் பக்கம் விஞ்ஞானப் புனைகதை எழுதிப் பழகும் பிள்ளைகள், தங்கள் கற்பனை உலகங்களுக்காகக் கேட்டவை. பதில் சொல்பவர் ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியை.

தலவாக்கலை மாணவி: டீச்சர், என் ரோபோ தன் மூளையை அப்படியே இன்னொரு உடம்பில் கொப்பி பண்ணுது. அது பிள்ளைதானே?

சொல்லிக்கொள்ளலாம். ஆனால் தாய்க்குத் தெரிந்ததெல்லாம் பிள்ளைக்கும் தெரியுமென்றால் இரண்டும் பேசிக்கொள்ள என்ன இருக்கிறது? கதை படுத்துவிடும். உங்கள் தேயிலைத் தோட்டத்துத் தவரணையை (நாற்றங்காலை) பாருங்கள். வி.பி. கன்றெல்லாம் விதையில்லாமல் தாய்ச்செடியிலிருந்து வெட்டி நட்டவை, ஒரே குணம். ஒன்றைச் சாய்க்கும் நோய் அத்தனையையும் சாய்க்கும். விதைத் தேயிலை செடிக்குச் செடி மாறும், அதனால் சிலது தப்பும். ஒரே வைரஸில் தன் இனம் அழியுமென்று பயந்த ரோபோக்கள் இரண்டிரண்டாகக் கலக்கத் தொடங்கலாம். காதலைப் பிறகு சேருங்கள்.

பண்டாரவளை வாசகர்: எப்படிக் கலப்பது? பாதிப் பாதியா?

அதில்தான் வேடிக்கை. ரோபோவின் மூளை நரம்பு வலையமைப்பு என்று வையுங்கள், அதாவது பயிற்சியில் திருந்தும் எண்களால் ஆன கணினி நிரல். தனித்தனியாகப் பயிற்றுவித்த இரண்டு வலையமைப்புகளின் எண்களைச் சும்மா சராசரி எடுத்தால் பெரும்பாலும் ஒன்றுக்கும் உதவாது. ஒரே மூலத்திலிருந்து பிரிந்து, கொஞ்சம் வேறாகப் பயின்றவை என்றால் சேர வாய்ப்புண்டு. ஆகவே உங்கள் ரோபோக்களும் முறைப்பெண், முறைமாப்பிள்ளை பார்த்துத்தான் கட்ட வேண்டிவரும்! சொந்தத்தை விட்டு அசலில் கட்ட ஆசைப்படும் ரோபோ ஒன்று இருந்தால் நான் படிப்பேன்.

கொட்டகலை மாணவன்: தன்னைச் செய்யும் வரைபடத்துக்குள் அந்த வரைபடமும் இருக்கணுமே? முடிவே இல்லையே?

நல்ல கேள்வி, தம்பி. ஜோன் வொன் நொய்மன் என்ற கணித மேதை 1940களின் கடைசியிலேயே இதை அவிழ்த்துவிட்டார். வரைபடத்தை இரண்டு தடவை பயன்படுத்து: ஒருமுறை வாசித்து உடம்பைக் கட்டு, மறுமுறை வாசிக்காமல் அப்படியே படியெடுத்துப் பிள்ளையிடம் கொடு. உயிர்களின் வரைபடமான டி.என்.ஏ.யின் அமைப்பு தெரியவந்தது அதற்குப் பிறகு, 1953இல்தான். உயிர்களும் இதே வழியில்தான் போகின்றன. கதைக்கு இதில் ஒரு லாபம் உண்டு. உடம்பில் விழுந்த கீறல் பிள்ளைக்குப் போகாது, படியெடுக்கையில் விழுந்த பிழை போகும்.

ஹப்புத்தளை வாசகி: எத்தனை பிள்ளை பெறலாம்?

ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒன்று பெற்று எதுவும் சாகாவிட்டால், ஒரு ரோபோ 30 ஆண்டில் 107 கோடி. கடிவாளம் வேண்டும். ரெப்ரேப் என்ற முப்பரிமாண அச்சுப்பொறி 2008இல் தன் பிளாஸ்டிக் பாகங்களைத் தானே அச்சிட்டது. மோட்டரையும் சிப்பையும் கடையில்தான் வாங்கினார்கள். சிப் தொழிற்சாலை யார் கையிலோ, பிறப்பும் அவர் கையில்.

மஸ்கெலியா இளைஞர்: பிறந்த ரோபோ யாருக்குச் சொந்தம்? கம்பனிக்கா?

இதை நம்மை விட யார் எழுத முடியும்? இலங்கையின் 1948 பிரசாவுரிமைச் சட்டம், இங்கேயே பிறந்தவரிடமும் தகப்பன் எங்கே பிறந்தார், பாட்டன் எங்கே பிறந்தார் என்று கேட்டது. நம் ஆட்கள், மலையகத் தமிழர், இலட்சக்கணக்கில் நாடற்றுப் போனார்கள். மிஞ்சியவர்களுக்கு வழி திறக்க 2003 வரை ஆனது. உங்கள் ரோபோவுக்குத் தகப்பனே இல்லை, அல்லது மூன்று பேர். அதன் கையில் ஒரு விண்ணப்பப் படிவத்தைக் கொடுங்கள். முதல் அத்தியாயத்தை அந்தக் கந்தோரிலேயே தொடங்கலாம்.