சரக்கை லாரியிலிருந்து கப்பலுக்கோ ரயிலுக்கோ மாற்றினால் ஒரு வட்டாரத்தின் கார்பன் உமிழ்வு உண்மையில் குறையுமா?

மொத்த உமிழ்வு பெரும்பாலும் குறையும். அந்தக் குறைவு உங்கள் வட்டாரத்தின் கணக்கில் தெரியுமா என்பது வேறு கேள்வி. கோவைப் பகுதி நூற்பாலை ஒன்றின் பஞ்சுக் கொள்முதல் பிரிவில் பணிபுரிவதால், எனக்கு நன்கு பழக்கமான குஜராத் பஞ்சை வைத்தே விளக்குகிறேன்.

ராஜ்கோட் பக்கம் ஏற்றப்படும் ஒரு லாரியில், தலா 170 கிலோ எடையுள்ள பேல்கள் (அழுத்திக் கட்டிய பஞ்சுப் பொதிகள்) 150 வரை, அதாவது சுமார் 25 டன் பஞ்சு வரும். கோவைக்குத் தூரம் ஏறத்தாழ 1,900 கி.மீ. லிட்டருக்கு மூன்றரை கி.மீ. ஓடுவதாகக் கொண்டால் 540 லிட்டர் டீசல் செலவாகும். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.7 கிலோ கரியமில வாயு வெளிவரும் என்பதால், ஒரு லோடுக்கு 1,450 கிலோவை ஒட்டி வருகிறது.

இதே பஞ்சைக் கன்டெய்னரில் ஏற்றி, பிபாவாவ் அல்லது முந்த்ரா துறைமுகத்திலிருந்து கன்னியாகுமரியைச் சுற்றித் தூத்துக்குடிக்குக் கப்பலில் கொண்டுவந்தால், கடல் தூரத்துக்கான உமிழ்வு டன் ஒன்றுக்கு லாரியில் ஆவதைவிடக் குறைவுதான். முழு ரேக்காக, அதாவது ஒரு சரக்கு ரயிலின் எல்லாப் பெட்டிகளையும் நிரப்பி, மின்சார ரயிலில் வந்தாலும் அப்படியே. அனல் மின்சாரத்தைக் கணக்கில் சேர்த்தாலும் ரயிலே மேல்.

ஆனால் தமிழ்நாட்டை மட்டும் பாருங்கள். பெங்களூர் வழியாக வரும் லாரி, ஓசூரிலிருந்து கோவை வரை சுமார் 325 கி.மீ.தான் நம் மாநிலத்துக்குள் புகை விடுகிறது. மீதியெல்லாம் குஜராத், மகாராஷ்டிரா, கர்நாடகக் கணக்கு. கப்பலில் வரும் பஞ்சோ, தூத்துக்குடியிலிருந்து கோவைக்கு ஏறத்தாழ 350 கி.மீ. லாரியில் வர வேண்டும். நாட்டின் உமிழ்வு குறைந்தும் நம் மாநிலத்தின் உமிழ்வு குறையாது, சற்றுக் கூடவும் கூடும். ஆகவே மாநில எல்லையோடு நிறுத்தி எழுதப்படும் கணக்கை மட்டும் நம்பி ஒரு வழியை நல்லது, கெட்டது என்று தீர்ப்பது தவறு என்பது என் உறுதியான கருத்து.

நம் கையில் இருப்பது அந்தக் கடைசி 350 கி.மீ. திருப்பூர் பின்னலாடை ஏற்றுமதிக்காகத் தூத்துக்குடியிலிருந்து காலிக் கன்டெய்னர்கள் மேலே வந்து, நிரம்பிய பின் கீழே இறங்குகின்றன. அந்தக் காலிப் பெட்டிகளிலேயே பஞ்சு ஏறி வந்தால், அந்தத் தூரத்துக்கான கூடுதல் டீசல் மிகச் சொற்பம். 2018 மே மாதத்தில் வெளிநாட்டுக் கொடிக் கப்பல்களும் நம் கரையோரமாக ஏற்றுமதி, இறக்குமதிச் சரக்குக் கன்டெய்னர்களையும் காலிப் பெட்டிகளையும் கொண்டுசெல்ல விதி தளர்த்தப்பட்டது. இருந்தும் பஞ்சு வரும் பெட்டி ஒரு கப்பல் நிறுவனத்துடையதாகவும், ஆடைக்கு வேண்டிய பெட்டி வேறொன்றினுடையதாகவும் இருந்துவிட்டால் எதுவும் பொருந்தாது.

சிறு ஆலைகள் லாரியை விடாததற்கும் நியாயமான காரணம் உண்டு. அவர்களுக்கு ஒரு லோடு போதும். ஒரு ரேக்கை நிரப்பும் அளவுக்குப் பஞ்சு வாங்கப் பணமும் இல்லை, கிடங்கும் இல்லை. கப்பலில் கூடும் ஒவ்வொரு நாளும் முடங்கிய பணத்துக்கு வட்டி. மேலும், வடக்கே திரும்பும் லாரிகள் பெரும்பாலும் மகாராஷ்டிராவின் விசைத்தறி நகரங்களான பிவண்டிக்கும் இச்சல்கரஞ்சிக்கும் நம் நூலை ஏற்றிச் செல்கின்றன. பஞ்சை மட்டும் கப்பலுக்கு மாற்றி நூலை மாற்றாவிட்டால், அந்த நூலை ஏற்ற லாரிகள் காலியாகத் தெற்கே வர நேரிடும்.