ஜன்னலைப் பார்த்து வீடு எடுக்காதீர்கள்

கேள்வி: எங்கள் வீட்டில் ஐந்து பேர். நான், கணவர், 15 வயது மகன், 11 வயது மகள், 72 வயது மாமியார். வரும் ஜூன் பள்ளி விடுமுறையில் ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையோர மலைநாட்டுக்குப் போக எண்ணியிருக்கிறோம். ஆப்பிள்கிராஸ் என்ற ஊரில் கடலைப் பார்த்தபடி நிற்கும் பழைய கல்வீடு ஒன்று எனக்குப் பிடித்திருக்கிறது. கணவருக்கோ காரில் வடக்கு முழுவதும் சுற்றி, இரவுக்கு ஒரு மரக்குடிலில் தங்க ஆசை. மகன் 'பாத்தி' என்ற மலைக்குடிசையில்தான் தங்க வேண்டும் என்கிறான். மாமியார் இந்தியக் கடப்பிதழ் வைத்திருக்கும் சிங்கப்பூர் நிரந்தரவாசி; சுத்த சைவம், முழங்கால் வலி. "நான் எதற்கு? நீங்கள் போய்வாருங்கள்" என்கிறார். வீடு எடுத்தால் அங்கேயும் நான்தானே சமைக்க வேண்டும் என்ற எண்ணமும் எனக்குள் ஓடுகிறது. யார் சொல்வதைக் கேட்பது?
- யீஷூன் வாசகி

பதில்: அன்புள்ள சகோதரி, கடைசியில் ஓரமாக எழுதியிருக்கிறீர்களே, சமையலைப் பற்றி, அந்த வரியிலிருந்தே தொடங்குகிறேன். கேட்கத் தயங்கிக் கேட்டிருக்கிறீர்கள். அதுதான் உங்கள் கடிதத்தின் முதல் கேள்வியாக இருந்திருக்க வேண்டும்.

நாம் பாசிர் ரிஸ்ஸிலோ சாங்கியிலோ ஷாலே எடுத்தால் இரண்டு இரவு, ஒரு கரி அடுப்பு, உறவினர் கூட்டம். எதுவும் குறைந்தால் பத்து நிமிடத்தில் கடை. அந்த மலைநாட்டில் காட்டேஜ் எடுப்பது வேறு. அது ஒரு வாரக் குடித்தனம். கடை அரை மணி நேர கார்ப் பயணத்தில் இருக்கலாம், ஞாயிற்றுக்கிழமை மூடியும் இருக்கலாம். ஐந்து பேருக்கு மூன்று வேளை யாராவது அடுப்படியில் நின்றாக வேண்டும். அந்த யாரோ நீங்கள் மட்டும்தான் என்றால், உங்களுக்கு அது விடுமுறை இல்லை. ஆகவே முன்பணம் கட்டுவதற்கு முன்பே கணவரையும் மகனையும் உட்காரவைத்து, யார் எந்த நாள் சமைப்பது என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். 15 வயதுப் பையனுக்குச் சோறு வடிக்கவும் பருப்பு வேகவைக்கவும் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் கற்றுக்கொடுத்துவிடலாம்.

இதில் ஒரு வசதி உண்டு. நம் வீட்டு மூன்று முனை பிளக்கும் 230 வோல்ட் மின்சாரமும் அங்கேயும் அப்படியே. உங்கள் சோறு ஆக்கும் குக்கரைப் பெட்டியில் வைத்து எடுத்துச் செல்லுங்கள். அரிசி, பருப்பு, ரசப்பொடி, பருப்புப்பொடி, அப்பளம் போதும். நெய், பால்கோவா, பால்மாவு வேண்டாம். சிங்கப்பூரிலிருந்து போகிறவர்கள் பால் பொருளையும் இறைச்சியையும் பிரிட்டனுக்குள் கொண்டுபோக அனுமதி இல்லை. தேக்காவில் வாங்கும் பச்சைக் கறிவேப்பிலைக்கும் தாவரச் சுகாதாரச் சான்றிதழ் கேட்பார்கள். வீட்டிலேயே உலர்த்திப் பொடியோடு அரைத்துவிடுங்கள். நெய்யை அங்கே பேரங்காடியில் வாங்கிக்கொள்ளலாம். நல்ல வெண்ணெய் எங்கும் கிடைக்கும், உருக்கினால் ஆயிற்று.

இனி உங்கள் மாமியார்.

சில ஆண்டுகளுக்கு முன் என் அம்மாவை அதே கரைக்கு அழைத்துப்போனேன். வீட்டைத் தேர்ந்தெடுத்தது நான்தான். படத்தில் இருந்த ஜன்னலைப் பார்த்து மயங்கிவிட்டேன். ஜன்னல் நிறையக் கடல், அதற்கப்பால் நீல மலை. வீட்டின் அமைப்பைக் கேட்கத் தோன்றவில்லை. படுக்கையறைகள் மாடியில், குளியலறை கீழே, நடுவில் ஏணியைப் போல் செங்குத்தான மரப்படி. அம்மா மாலை ஐந்து மணிக்குமேல் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டார், இரவில் இறங்க நேரக்கூடாது என்பதற்காக. நான்காம் நாள்தான் எனக்குத் தெரிந்தது. ஒரு வார்த்தை சொல்லவில்லை அவர். அந்த ஜன்னலை இன்று நினைத்தாலும் எனக்கு மனம் வலிக்கிறது.

அந்தப் பக்கத்துப் பழைய வீடுகள் பலவும் இந்த அமைப்புதான். தடித்த கல்சுவர், கூரையை ஒட்டிச் சரிந்த மாடியறைகள், குறுகிய படி. ஆகவே வீட்டுக்காரருக்கு எழுதும் முதல் கேள்வி இது: படுக்கையறை ஒன்றும் கழிவறையும் குளிக்கும் இடமும் ஒரே கீழ்த்தளத்தில் இருக்கின்றனவா? குளியல் தொட்டிக்குள் காலைத் தூக்கி வைக்க வேண்டுமா, நேராக நடந்து போய் நிற்கும் ஷவரா? கார் நிற்கும் இடத்திலிருந்து வாசல்வரை எத்தனை படி, சரளைக்கல்லா? நல்ல வீட்டுக்காரர் கூச்சமில்லாமல் பதில் எழுதுவார், படமும் அனுப்புவார். மழுப்பினால் அடுத்த வீட்டைப் பாருங்கள்.

"நான் எதற்கு?" என்று பெரியவர்கள் கேட்டால், வர விருப்பமில்லை என்று அர்த்தம் கொள்ளாதீர்கள். நான் பாரமாகிவிடுவேனோ என்று கேட்கிறார்கள். "வாருங்கள் அத்தை" என்று நாலு தடவை சொல்வதைவிட, கீழ்த்தள அறையின் படத்தைக் காட்டி, "இது உங்கள் அறை, கட்டில் ஜன்னலோரம் இருக்கட்டுமா?" என்று கேட்டுப் பாருங்கள்.

அவருடைய விசாவை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். சிங்கப்பூர்க் கடப்பிதழ் உள்ள நீங்கள் நால்வரும் புறப்படுமுன் இணையவழிப் பயண அனுமதி பெற வேண்டும். 2025 ஜனவரி 8 முதல் அது கட்டாயம். அவருக்கு அது பொருந்தாது. பிரிட்டனின் வருகையாளர் விசாவே எடுக்க வேண்டும், கைரேகை கொடுக்க நேரில் போக வேண்டும். பயண நாளுக்கு மூன்று மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். அந்த முதல் வாரத்திலேயே விண்ணப்பித்துவிடுங்கள். முழங்கால், ரத்த அழுத்தம் என எதையும் மறைக்காமல் சொல்லிப் பயணக் காப்புறுதி வாங்குங்கள். அந்த வட்டாரத்தின் பெரிய மருத்துவமனை இன்வெர்னஸ் நகரத்தில் இருக்கிறது, மேற்குக் கரையிலிருந்து இரண்டு மணி நேரம்கூட ஆகலாம்.

ஆப்பிள்கிராஸ் அழகான ஊர், மறுக்க மாட்டேன். ஆனால் அங்கே போகும் பழைய வழி, 'மாடுகளின் கணவாய்' என்று கேலிக் மொழியில் பெயர் கொண்ட பியாலக் நா பா, கடல் மட்டத்திலிருந்து 626 மீட்டர் ஏறுகிறது. நம் புக்கிட் தீமா 164 மீட்டர்தான். ஒரே ஒரு வண்டி போகும் அகலம், கொண்டை ஊசி வளைவுகள். கற்றுக்குட்டி ஓட்டுநர்கள் போக வேண்டாம் என்று அடிவாரத்திலேயே பலகை வைத்திருக்கிறார்கள். ஷீல்டேக் வழியாகக் கரையோரப் பாதை ஒன்றும் உண்டு. சுற்று, ஆனால் மிரட்டாது. ஒரு பகல் அந்தப் பாதையில் போய்வாருங்கள். தங்குவதற்கு நான் சொல்வது அதே கரையிலுள்ள பிளாக்டன் என்ற சிற்றூர்.

ஏன் பிளாக்டன் என்றால், அது கிழக்கு நோக்கிய குடா. மேற்குக் காற்று நேராக வந்து அறையாது. வீடுகள் கரையோரமாகச் சமதளத்தில் வரிசையாக நிற்கின்றன. மாமியார் கைத்தடியோடு மாலையில் நடக்கலாம். நியூசிலாந்திலிருந்து வந்த, பனைமரச் சாயலுள்ள மரங்கள் தண்ணீரோரத்தில் நிற்பதைப் பார்த்தால் நம்பவே மாட்டீர்கள். அட்லாண்டிக்கின் வெதுவெதுப்பான நீரோட்டம் அந்தக் கரையைக் கடும் உறைபனியிலிருந்து காக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, அங்கே ரயில் நிலையம் இருக்கிறது. இன்வெர்னஸிலிருந்து கைல் ஆஃப் லாக்கால்ஷ் வரை போகும் அந்தத் தடம் 1897-இல் முழுமையானது. கடைசிப் பகுதியில் ரயில் கடற்கழியின் விளிம்பை ஒட்டியே வளைந்து வளைந்து போகும். கணவர் பெட்டிகளோடு காரில் வரட்டும். நீங்களும் மாமியாரும் மகளும் ரயிலில் போங்கள். ஒரு நாளைக்குச் சில ரயில்களே, ஆகவே நேரம் பார்த்து டிக்கெட் எடுங்கள். கைலில் சிறு பேரங்காடி உண்டு. அங்கிருந்து 1995-இல் திறந்த பாலத்தைத் தாண்டினால் ஸ்கை தீவு.

உங்கள் கணவர் ஆசைப்படும் சுற்றுப்பாதை 2015-இல் அறிமுகமானது, 516 மைல், அதாவது 830 கிலோமீட்டர். ஆறு நாளில் முடித்துவிடலாம். ஆனால் அந்த ஆறு நாளும் காலையில் மூட்டை கட்டி, மாலையில் அவிழ்த்து, புது அடுப்பில் சோறு பொங்குவது யார்? அவரிடம் இதை நேராகக் கேளுங்கள். மரக்குடில்களில் பலவற்றில் ஒரு கெட்டிலும் இரட்டை அடுப்பும்தான் இருக்கும். ஐந்து பேருக்கு இரண்டு குடில் வேண்டியிருக்கும். அவர் தவறான ஆசை எதுவும் படவில்லை, அந்தச் சுற்று நீங்கள் இருவர் மட்டும் போகும் ஆண்டுக்கு ஏற்றது.

ஓட்டப்போகிறவர் அவர் என்பதால் இதையும் காட்டுங்கள். நம்மைப் போலவே அங்கும் இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும், நம் உரிமமும் செல்லும். ஆனால் வாடகைக் கார்களில் கையால் கியர் மாற்றுபவை நிறைய. அவரிடம் இருப்பது 3ஏ உரிமம் என்றால் தானியங்கிக் காரை முன்கூட்டியே கேட்டுப் பதிவு செய்ய வேண்டும். ஒற்றைத் தடச் சாலையில் ஆங்காங்கே ஒதுங்குமிடங்கள் அகலமாக விடப்பட்டிருக்கும். அது இடப்பக்கம் இருந்தால் உள்ளே ஒதுங்குங்கள். வலப்பக்கம் இருந்தால் அதற்கு நேர் எதிரே உங்கள் தடத்திலேயே நின்று, எதிர் வண்டி அதற்குள் ஒதுங்கிப் போக வழி விடுங்கள். பின்னால் வருகிறவருக்கும் விட வேண்டும், அவர் வேலைக்குப் போகிற உள்ளூர்க்காரராக இருப்பார். படம் எடுக்க அங்கே நிறுத்தவே கூடாது. 13 மணி நேரத்துக்கு மேல் விமானத்தில் வந்த அன்று அவர் ஓட்ட வேண்டாம்.

அதற்கேற்பவே நாள்களை அமையுங்கள். பெரும்பாலான காட்டேஜ்கள் சனி முதல் சனி வரைதான் விடப்படும், பிற்பகல் நான்கு மணி வாக்கில் சாவி. வெள்ளிக்கிழமை இன்வெர்னஸ் போய்ச் சேர்ந்து தூங்குங்கள். சனிக்கிழமை காலை அங்கேயே வாரத்துக்கான காய்கறி, பால், தயிர் எல்லாம் வாங்கிவிட்டுக் கிளம்புங்கள். நம் விடுமுறை உங்களுக்கு வாய்த்த காலம்: ஸ்காட்லாந்துப் பள்ளிகள் ஜூன் இறுதியில்தான் மூடுகின்றன. ஜூன் முதல் மூன்று வாரங்களில் ஜூலை அளவுக்கு நெரிசல் இருக்காது. பகலில் 15 டிகிரியை ஒட்டியிருக்கும், மழைச்சட்டை ஆளுக்கொன்று அவசியம்.

காற்று நின்ற ஈர மாலையில் மிட்ஜ் என்ற பூச்சிகள் கூட்டமாக வரும், எள்ளைவிடச் சிறியவை. கடித்தால் அரிப்புதான், நம் ஊர் டெங்கி பயம் அங்கே இல்லை. முகவலையும் பூச்சு மருந்தும் உள்ளூர்க் கடையிலேயே வாங்கலாம்.

மாமியார் அந்தி சாய்ந்ததும் விளக்கேற்றுகிறவரா? ஜூனில் அங்கே சூரியன் மறையும்போது இரவு பத்து மணி தாண்டிவிடும். நம் வழக்கமான ஏழு மணிக்கே ஏற்றட்டும். ஆனால் ஊதுபத்தியும் சாம்பிராணியும் வேண்டாம். 2022 பிப்ரவரி முதல் அங்கே எல்லா வீடுகளிலும் புகை எச்சரிக்கைக் கருவிகள் ஒன்றோடொன்று இணைந்திருக்க வேண்டும் என்பது சட்டம். ஒன்று அலறினால் வீடு முழுக்க அலறும். தாளிக்கும்போது சமையலறைக் கதவைச் சாத்தி ஜன்னலைத் திறந்துவிடுங்கள். ஊருக்கு வெளியே தனித்து நிற்கும் வீடு எடுத்தால் குழாய்த்தண்ணீர் இளந்தேநீர் நிறத்தில் வரக்கூடும். மலை ஊற்றிலிருந்து கரிமண் வழியாக வருவது. வடிகட்டப்படுகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

மகனிடம் 'பாத்தி' கிடையாது என்று சொல்லிவிடுங்கள். 1965-இல் தொடங்கிய தொண்டர் சங்கம் ஒன்று அப்படிப்பட்ட நூறு குடிசைகள்வரை பராமரிக்கிறது. மலையேறிகளுக்கு இலவசப் புகலிடம். தண்ணீரும் மின்சாரமும் கழிவறையும் இருக்காது. ஒரு பகல் அப்பாவும் மகனும் ஒன்றுவரை நடந்து போய்ப் பார்த்துவரட்டும்.

அந்த நடையில் கூரையில்லாத கல்சுவர்கள் தென்படும். மகன் நிச்சயம் கேட்பான், பதிலைத் தெரிந்துவைத்திருங்கள். 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து நூறாண்டு காலம், ஆடு வளர்த்தால் வருமானம் அதிகம் என்று நிலவுடைமையாளர்கள் குடியானவர்களைப் பள்ளத்தாக்குகளிலிருந்து வெளியேற்றினார்கள். போராடிப் போராடி 1886-இல்தான் சிறு குடியானவர்களுக்குக் குடியிருப்பு உரிமை சட்டமானது. நாம் 'ஆளரவமற்ற அழகு' என்று படம் பிடிக்கும் இடங்கள் பலவும் ஆளை விரட்டியதால் வெறுமையானவை. இப்போதும் வீடுகள் விடுமுறைக்காரர்களுக்குப் போய்விட, உள்ளூர் இளைஞர்களுக்கு வாடகை வீடு கிடைப்பது கடினமாயிருக்கிறது. குறுகிய கால வாடகைக்கு ஸ்காட்லாந்து உரிமம் கொண்டுவந்ததன் பின்னணியில் இந்தக் கவலையும் உண்டு. விளம்பரத்தில் உரிம எண் இருக்க வேண்டும். இல்லாத வீட்டை, எவ்வளவு மலிவாக இருந்தாலும், விட்டுவிடுங்கள். இன்வெர்னஸில் வாங்க மறந்ததை ஊர்ச் சிறு கடையில் கொஞ்சம் கூடுதல் விலை கொடுத்தே வாங்குங்கள்.

கோடை வாரங்கள் பல மாதம் முன்பே நிரம்பிவிடும். இந்த வாரமே மூன்று வீட்டுக்காரர்களுக்கு எழுதுங்கள். கீழ்த்தள அறையின் படம் வந்ததும் மாமியாரிடம் காட்டுங்கள். அவர் கட்டிலை எந்தப் பக்கம் போடச் சொன்னார் என்று எனக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள்.