பழம் பிள்ளையைத் தின்னுமா? க்ளிங்கானில் நாம் தடுக்கி விழும் இடங்கள்

கேள்வி: இரண்டு மாதமாக செல்போன் செயலியில் க்ளிங்கான் மொழி படிக்கிறேன். "பிள்ளை பழம் தின்கிறது" என்பதற்கு "புக் ஷோப் நாஹ்" என்று எழுதினால் தப்பு என்கிறது. சொற்கள் சரிதானே? எங்கே பிசகுகிறேன்?
– கல்லூரி மாணவர், காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்

பதில்: சொற்கள் சரி ("புக்" பிள்ளை, "ஷோப்" தின்னல், "நாஹ்" பழம்), வரிசைதான் தலைகீழ். நீங்கள் எழுதியதற்கு "பழம் பிள்ளையைத் தின்கிறது" என்று பொருள். ஸ்டார் ட்ரெக் என்னும் ஆங்கில விண்வெளிப் படத்துக்காக இம்மொழியை உருவாக்கிய மார்க் ஓக்ராண்ட், செயப்படுபொருள், வினை, எழுவாய் என்ற அரிய வரிசையை வைத்தார். நீங்கள் ஆங்கில வரிசையில் யோசித்துவிட்டீர்கள். "மாம்பழத்தைத் தின்னுது பிள்ளை" என்று வீட்டில் சொல்வோமே, அந்த நடையில் யோசியுங்கள்: "நாஹ் ஷோப் புக்". ஒரு எச்சரிக்கை: தமிழில் "ஐ" உருபு இருப்பதால் சொல்லை எங்கே போட்டாலும் பொருள் மாறாது. க்ளிங்கானில் அந்த உருபு இல்லை. சொல் நிற்கும் இடம்தான் வேற்றுமை.

அடுத்தது வினைக்கு முன்னால் ஒட்டும் முன்னொட்டு. அதிகம் பேர் சறுக்குவது இங்கேதான். தமிழ் வினையின் விகுதி யார் செய்தார் என்பதை மட்டும் காட்டும். க்ளிங்கான் முன்னொட்டோ யாரை, எதை என்பதையும் சேர்த்தே காட்டும். "ஷோவ்" என்றால் அறிதல். "ஜிஷோவ்" என்றால் எனக்குத் தெரியும், அவ்வளவே. "விஷோவ்" அவனை எனக்குத் தெரியும், "காஷோவ்" உன்னை எனக்குத் தெரியும், "ச்சோஷோவ்" என்னை உனக்குத் தெரியும். அதனால் "நாஹ் ஜிஷோப்" பிழை. பழம் என்று சொன்னபின் "நாஹ் விஷோப்" என்றே வர வேண்டும். படர்க்கையில் முன்னொட்டு பெரும்பாலும் கிடையாது. ஆனால் பலர் சேர்ந்து ஒரே பழத்தைத் தின்றால் "லுஷோப்". நன்றாகப் பழகியவர்களும் இந்த "லு"வை விட்டுவிடுகிறார்கள்.

பண்பைச் சொல்லும் சொல் பெயருக்குப் பின்னால் வரும். "நாஹ் டின்" பெரிய பழம். "டின் நாஹ்" பழம் பெரியது. தமிழ்ப் பழக்கத்தில் முன்னால் வைத்தால் தொடர் முழு வாக்கியமாகிவிடும். "இல்" என்னும் பொருள் தரும் "டாக்" அந்தப் பண்புச்சொல்லில்தான் ஒட்டும்: பெரிய வீட்டில் என்பது "ஜுஹ் டின்டாக்". "ஜுஹ்டாக் டின்" அல்ல.

கேள்விக்கு நம்மைப் போலவே "ஆ" உண்டு, தொண்டையை ஒரு கணம் அடைத்துச் சொல்லும் "'ஆ'". நம் "ஆ" எந்தச் சொல்லிலும் ஒட்டும்: பிள்ளையா தின்னுது? பழமா தின்னுது? க்ளிங்கானில் கேள்விக்கு வினையில் மட்டும்: "நாஹ் ஷோப்'ஆ' புக்?" பெயரில் ஒட்டினால் கேள்வி போய்விடும், "ஜுஹ்'ஆ'" என்றால் மாபெரும் வீடு.

பன்மையில் திணை பார்க்க வேண்டும். மொழி பேசக்கூடியவற்றுக்கு "பு'", உடலுறுப்புக்கு "டு'", மற்றதற்கு "மெய்". "குழந்தை அழுகிறது" என்று நாம் அஃறிணையில் முடிப்பதால் கை தானாக "புக்மெய்" எழுதும், சரியானது "புக்பு'". இதே "பு'" வினையில் வந்தால் செயல் முடிந்ததைக் குறிக்கும். அது இறந்தகால விகுதி அல்ல. "நாளை இந்நேரம் தின்றிருப்பேன்" என்பதிலும் வரும்.

நோட்டில் எழுதும்போது தமிழ் எழுத்து வேண்டாம், ஆங்கில எழுத்தில் எழுதுங்கள். சின்ன "க்யூ"வும் (q) பெரிய "க்யூ"வும் (Q) அங்கே வெவ்வேறு ஒலிகள். தமிழில் இரண்டும் "க்" ஆகிவிடும். இன்றே "பெரிய வீட்டில் பெரிய பழம் தின்கிறேன்" என்பதை எழுதிப் பாருங்கள். "ஜுஹ் டின்டாக் நாஹ் டின் விஷோப்" என்று வந்தால் அடுத்த பாடத்துக்குப் போகலாம்.