நகையை அடைவு வைத்து டியர்ட்ராப் ட்ரெயிலர் கட்டலாமா?

கேள்வி: திருகோணமலை உப்புவெளியில் இருக்கிறோம். தம்பிக்குத் தச்சுவேலை தெரியும். இரண்டு பேர் படுக்க இடமும் பின்பக்கம் சமையல் தட்டும் உள்ள டியர்ட்ராப் ட்ரெயிலர் (வாகனத்தின் பின்னால் இழுத்துச் செல்லும், கண்ணீர்த்துளி வடிவச் சிறு பெட்டி) ஒன்றைக் கட்டி, நிலாவெளிக்கு வருபவர்களுக்கு இரவுக்கு 5,000 ரூபாவுக்கு விட நினைக்கிறோம். செலவு ஏழரை இலட்சம். வைப்பில் உள்ள 6 இலட்சத்தில் மூன்றரையை எடுத்து, மிச்சம் 4 இலட்சத்துக்கு 18 வீத ஆண்டு வட்டியில் நகையை அடைவு வைக்கலாமா? இழுக்க டொல்பின் வேன் இருக்கிறது.

பதில்: நகையைத் தொடாதீர்கள். ட்ரெயிலர் நல்ல யோசனைதான், ஆனால் காசு செலவாகும் வரிசையை மாற்ற வேண்டும்.

4 இலட்சத்துக்கு ஆண்டு வட்டி 72,000. துணி துவைப்பு, காஸ், தரகு, பழுது போக இரவுக்கு 3,200 மிஞ்சும் என்று வைப்போம். வட்டிக்கு மட்டும் 23 இரவு போய்விடும். சீசன் ஏப்ரல் நடுவிலிருந்து செப்டெம்பர் முடிய ஏறத்தாழ 24 வாரம்; வாரத்துக்கு இரண்டு இரவு என்றால் 48. வருமானம் முழுவதையும் அடைவுக்கே கட்டினாலும் நகை வீடு வர நான்காவது சீசன் ஆகிவிடும். மாரியில் வாடகை நிற்கும், வட்டி நிற்காது. கட்டி முடிக்கும் மாதங்களுக்கும் அது ஓடும்.

முதலில் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில், வீட்டில் கட்டும் ட்ரெயிலரைப் பதிவு செய்ய என்ன வரைபடம், என்ன பரிசோதனை வேண்டும் என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். வேனின் காப்புறுதி நிறுவனத்திடமும் வாடகை நோக்கத்தைச் சொல்லுங்கள். பதிவு கிடைக்காது என்றால் ஒரு பலகையும் வெட்ட வேண்டாம். ஓரிடத்தில் நிற்கப்போகும் பெட்டிக்குச் சில்லும் அச்சும் வீண் செலவு. அதற்குக் கபானாவே (கடற்கரைக் குடில்) மலிவு.

பதிவு உறுதியானால் வைப்பிலிருந்து இரண்டரை இலட்சத்துக்கு மேல் எடுக்காமல் சேசிஸை (சில்லோடு கூடிய அடிச்சட்டம்) மட்டும் முடியுங்கள். 8க்கு 4 அடிச் சட்டத்துக்கும் இழுவைக் கம்பிக்கும் 50 மி.மீ. சதுர, 3 மி.மீ. தடிப்புப் பெட்டி இரும்பு 14 மீற்றர் அளவில் போகும். எடை 60 கிலோ வரும். அச்சு, பெட்டியின் முன்விளிம்பிலிருந்து 5 அடிக்குச் சற்றுக் குறைவாக இருக்கட்டும். ஏற்றி முடித்த எடையில் 10 முதல் 15 வீதம் வேனின் இழுவைக் கொக்கியில் விழ வேண்டும்; 400 கிலோ வண்டிக்கு 40 முதல் 60 கிலோ. அதற்குக் குறைந்தால் வேகத்தில் வால் ஆடும். கடற்கரை உப்புக் காற்றுக்குப் பெயின்ற் போதாது, சட்டத்தை உருக்கிய துத்தநாகத்தில் தோய்த்தெடுக்கும் குளியல் வேண்டும். வெல்டிங் முடிந்ததும் ஒவ்வொரு குழாயிலும் காற்றுத் துளை போடச் சொல்லுங்கள், அடைத்த குழாய் குளியலில் வெடிக்கும். சட்டத்தை அங்கே கொண்டுபோய் வரும் லொறிக் கூலியையும் கணக்கில் சேருங்கள்.

பெட்டியை அடுத்த ஆண்டுச் சேமிப்பில் கட்டலாம். பக்கச் சுவருக்கு 18 மி.மீ. மரைன் பிளைவுட் பலகை 2, தரைக்கு 12 மி.மீ. 1, கூரைக்கும் உள்மேல்தட்டுக்கும் 3 மி.மீ. 4, தடுப்புக்கும் தட்டுகளுக்கும் 9 மி.மீ. 3. கூரை நடுவில் 25 மி.மீ. ஃபோம், வெளியே வெள்ளை நிறம்; இல்லாவிட்டால் வைகாசி வெயிலில் பகலில் யாரும் உள்ளே இருக்க மாட்டார்கள். மேலே காற்றோட்டி இல்லாவிட்டால் இரண்டு பேர் விடும் மூச்சே விடியும்போது சுவரில் நீராக வடியும்.

காசை மிச்சம் பிடிக்கக்கூடாத இடம் பிளைவுட்டின் விளிம்பு. தண்ணீர் அதன் வழியே ஏறித்தான் பலகை அடுக்கடுக்காகப் பிரிகிறது. வெட்டிய விளிம்புக்கெல்லாம் எபொக்சி இரண்டு பூச்சு அவசியம். திருகுத் துளையைப் பெரிதாகத் துளைத்து எபொக்சியால் நிரப்பி, இறுகியபின் மறுபடி துளையுங்கள். திருகு 316 ஸ்ரெயின்லெஸ் ஆக இருக்கட்டும். பின்கதவின் வளைந்த சட்டங்களைப் பெட்டியிலேயே பொருத்திவைத்து அவற்றின் மேல் மெல்லிய வெளிப்பலகையை ஒட்டி, பசை முழுதாக இறுகிய பிறகே கழற்றுங்கள். அவசரப்பட்டால் வளைவு விரிந்து, முதல் மாரியிலேயே சமையல் தட்டு நனையும்.

வெளிநாட்டவருக்கும் தங்குமிடமாக விடுவதென்றால் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையிலும் விசாரியுங்கள். மிச்சம் மூன்றரை இலட்சம் வீட்டின் அவசரத்துக்கு வைப்பிலேயே கிடக்கட்டும். வைப்பு முதிரும் திகதிக்கு முன் உடைத்தால் வட்டி குறையும், ஆகவே இரும்புக் கடைக்கு அந்தத் திகதிக்குப் பிறகு போங்கள்.