மைதானத்தைத் திட்டமிடுவதும் ஒரு வேலைதான்

"பள்ளி இறுதி வகுப்பில் படிக்கும் என் மகள் வாலிபால் நன்றாக ஆடுவாள். விளையாட்டு மைதானம், நீச்சல் குளம், பூங்கா போன்றவற்றைத் திட்டமிடும் வேலைக்குத்தான் போவேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். அப்படி ஒரு வேலை இருக்கிறதா? அதை நம்பிப் படிக்க வைக்கலாமா?" என்று ஒரு தாய் கேட்டிருக்கிறார்.

இருக்கிறது அம்மா. ஆனால் அந்தப் பெயரில் விளம்பரம் வருவது அபூர்வம் என்பதால் உங்கள் கண்ணில் பட்டிருக்காது. உள்ளாட்சி அமைப்பில் இந்த வேலையைச் செய்பவருக்கு நகரமைப்பு அலுவலர் என்று பெயர் இருக்கும். ஆலோசனை நிறுவனத்தில் திட்ட ஆலோசகர் என்பார்கள். வேறோர் இடத்தில் கட்டடக் கலைஞர், இன்னோர் இடத்தில் விளையாட்டு வளாக மேலாளர். இப்படிப் பல பெயர்களில் சிதறிக் கிடப்பதால்தான் உறவினர்கள் "கேள்விப்பட்டதே இல்லையே" என்கிறார்கள்.

படிக்க வைக்கலாமா என்று பார்ப்பதற்கு முன் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். நன்றாக ஆடுவது வேறு, ஆட இடம் அமைப்பது வேறு. மகளுக்கு வாலிபால் தெரியும் என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன். வாலிபால் ஆடுகளம் 18 மீட்டர் நீளம், 9 மீட்டர் அகலம் என்பது அவளுக்கு மனப்பாடமாக இருக்கும். அதாவது 162 சதுர மீட்டர். ஆனால் பந்தைத் துரத்தி ஓட நான்கு பக்கமும் குறைந்தது 3 மீட்டர் வெற்றிடம் விட வேண்டும் என்பது விதி. அப்போது தேவைப்படுவது 24க்கு 15 மீட்டர், அதாவது 360 சதுர மீட்டர். கோட்டுக்குள் இருப்பதைவிட இரண்டு மடங்குக்கும் மேல். மேலே 7 மீட்டர் உயரத்துக்கு உத்தரமோ விளக்கோ குறுக்கிடக் கூடாது. ஆட்டக்காரிக்குக் கோட்டுக்கு உள்ளே இருப்பது போதும். திட்டமிடுபவருக்குக் கோட்டுக்கு வெளியேதான் வேலையே தொடங்குகிறது.

திறந்தவெளி ஆடுகளமாக இருந்தால் நீளவாக்கு ஏறக்குறைய வடக்கு தெற்காக அமைய வேண்டும். இல்லையென்றால் காலையிலும் மாலையிலும், அதாவது பெரும்பாலானவர்கள் ஆட வரும் நேரத்தில், ஓர் அணியின் கண்ணில் சூரியன் நேராக அடிக்கும். பேட்மிண்டன் அரங்கில் விளக்கை ஆடுகளத்துக்கு நேர் மேலே பொருத்தினால், இறகுப்பந்தை அண்ணாந்து பார்க்கும்போதெல்லாம் கண் கூசும். அதனால் பக்கவாட்டில் பொருத்துகிறார்கள். பின்சுவர் வெள்ளையாக இருந்தால் வெள்ளை இறகுப்பந்து அதில் கரைந்துவிடும். இவற்றில் எதுவும் பெரிய ரகசியமில்லை. ஆனாலும் இதைக் கேட்க ஆளில்லாமல் கட்டி முடித்துவிட்டுப் பிறகு தலையில் கை வைக்கும் அரங்குகள் ஏராளம்.

இவை எல்லாம் கையேட்டைப் பார்த்துக் கற்றுக்கொள்ளக் கூடியவை. எதைக் கட்டுவது, யாருக்காகக் கட்டுவது, கட்டிய பிறகு யார் நடத்துவது என்று முடிவு செய்வதுதான் கடினமான பகுதி. நீச்சல் குளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லா ஊர்த் தலைவர்களுக்கும் ஒலிம்பிக் அளவுக் குளம் வேண்டும். 50 மீட்டர் நீளம், 25 மீட்டர் அகலம், ஆழம் வெறும் 2 மீட்டர் என்று வைத்தாலும் அதில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் நிற்கும். 25 மீட்டர் நீளமும் பன்னிரண்டரை மீட்டர் அகலமும் சராசரியாக 1.4 மீட்டர் ஆழமும் கொண்ட குளத்துக்குச் சுமார் 4.4 லட்சம் லிட்டர் போதும். இரவும் பகலும் இந்தத் தண்ணீரை இறைத்து, வடிகட்டி, குளோரின் கலந்து, மின் கட்டணம் கட்டி, உயிர்காப்பாளர்களுக்குச் சம்பளம் கொடுத்தாக வேண்டும். நீச்சல் கற்க வரும் குழந்தைக்கு 50 மீட்டரால் ஒரு பயனும் இல்லை. கால் எட்டும் ஆழம்தான் முக்கியம். இந்தக் கணக்கை எடுத்து வைத்து, பெரியதை விரும்பும் ஒருவரிடம் சிறியது போதும் என்று பொறுமையாகச் சொல்லத் தெரிந்தவருக்குத்தான் இங்கே மதிப்பு.

சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு உலகம் அறிந்த உதாரணம் கனடாவின் மாண்ட்ரியல் நகரம். 1976 ஒலிம்பிக்குக்காக எழுப்பிய அரங்கின் கடன் 2006இல்தான் அடைந்தது. லண்டனில் 2012 போட்டிக்கு நீச்சல் அரங்கம் கட்டியபோது 17,500 பேர் அமர இடம் வைத்தார்கள். அதில் பெரும்பகுதி கழற்றி எடுக்கக் கூடிய தற்காலிக இருக்கைகள். போட்டி முடிந்ததும் அவற்றை நீக்கி, சுமார் 2,500 இருக்கைகளோடு 2014இல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். போட்டி நடக்கும் சில வாரங்களோடு நிற்காமல், அதற்குப் பின் வரும் பல ஆண்டுகளையும் யாரோ யோசித்திருக்கிறார்கள். உங்கள் மகள் விரும்புவது அந்த 'யாரோ'வின் வேலையை.

உங்கள் பெண்ணிடம் அவசியம் சொல்லுங்கள் என்று ஒன்றைக் குறிப்பிடுகிறேன். வியன்னா நகரில் 1990களின் பிற்பகுதியில் பூங்காக்களுக்கு யார் வருகிறார்கள் என்று ஆய்வு செய்தார்கள். ஒன்பது வயதைத் தாண்டியதும் சிறுமிகளின் வருகை மளமளவென்று குறைவது தெரிந்தது. பையன்கள் தொடர்ந்து வந்துகொண்டிருந்தார்கள். இருந்த ஒரே பெரிய திடலைப் பையன்கள் பிடித்துக்கொண்டால், அவர்களோடு போட்டி போடாமல் சிறுமிகள் ஒதுங்கிப் போனார்கள். வரக் கூடாது என்று அவர்களை யாரும் தடுக்கவில்லை, பலகையும் வைக்கவில்லை. இடத்தின் அமைப்பே தடுத்தது. பிறகு சில பூங்காக்களில் திடலைச் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்தார்கள், நடைபாதைகளைக் கூட்டினார்கள், வாலிபாலுக்கும் பேட்மிண்டனுக்கும் இடம் ஒதுக்கினார்கள். சிறுமிகள் திரும்ப வந்தார்கள். வாலிபால் ஆட இடம் கிடைக்காமல் ஓரமாகக் காத்து நின்ற அனுபவம் உங்கள் மகளுக்கு இருந்தால், நான் விளக்காமலே புரிந்துகொள்வாள். அந்த அனுபவம், அவள் வாங்கிய பதக்கங்களைவிட இந்தத் தொழிலுக்கு அதிகம் உதவும் என்பது என் கணிப்பு.

இனி படிப்பு. முதல் பட்டத்தை அகலமானதாக எடுக்கட்டும்: கட்டடக் கலை, சிவில் இன்ஜினீயரிங், நகரமைப்பு, புவியியல், இந்த நான்கில் ஒன்று. வரைவதில் விருப்பம் இருந்தால் கட்டடக் கலை. வடிகால், மண், தளம் என்று கை அழுக்காகும் வேலை பிடித்தால் சிவில். வரைபடத்தை மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருப்பவள் என்றால் புவியியலும், வரைபடத்தில் தகவல்களைப் பொருத்திப் பார்க்க உதவும் ஜி.ஐ.எஸ். மென்பொருளும். எந்தப் பகுதியில் எத்தனை குழந்தைகள் இருக்கிறார்கள், நடந்து போகும் தூரத்தில் மைதானம் உண்டா என்பதைக் கண்டுபிடிக்க அதுதான் கருவி. விளையாட்டு மேலாண்மை, நிலவடிவமைப்பு, பொழுதுபோக்கு வசதித் திட்டமிடல் ஆகியவை முதுநிலைக்கு உரியவை.

விளையாட்டு மேலாண்மையை முதல் பட்டமாகவே எடுத்தால் என்ன என்று மகள் கேட்பாள். தடை இல்லை. ஆனால் அந்தப் பாடத்திட்டங்கள் பலவற்றில் விளம்பரம், நிகழ்ச்சி நடத்துதல், வீரர்களின் ஒப்பந்தம் ஆகியவற்றுக்குத்தான் எடை அதிகம். சேருவதற்கு முன் பாடப்பட்டியலை வாங்கி, திட்டமிடல், செலவு மதிப்பீடு, பராமரிப்பு என்ற தலைப்புகள் இருக்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள். இல்லையென்றால் அது அவள் தேடும் படிப்பு அல்ல. அகலமான பட்டம் வேண்டும் என்று நான் அழுத்துவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மைதானங்கள் பெரும்பாலும் பொதுப் பணத்தில் எழுபவை. நிதி ஒதுக்கீடு சுருங்கும் ஆண்டில் முதலில் வெட்டு விழுவது பூங்காவுக்கும் விளையாட்டுக்கும்தான். அந்த ஆண்டுகளில் சிவில் படித்தவர் சாலையோ பள்ளிக் கட்டடமோ பார்த்துக் காலம் தள்ளலாம்.

வருமானத்தைப் பற்றி நேரடியாகச் சொல்கிறேன். சட்டென்று கொட்டிக் கொடுக்கும் தொழில் அல்ல. முதல் சில ஆண்டுகள் அளவெடுப்பது, வரைபடம் திருத்துவது, ஒப்பந்தப்புள்ளி ஆவணம் தயாரிப்பது, கூட்டக் குறிப்பு எழுதுவது என்றே போகும். மைதானத்தின் பக்கமே போகாத மாதங்கள் கூட உண்டு. ஆனால் தேவை நாளுக்கு நாள் கூடுகிறது. 5 முதல் 17 வயது வரை உள்ளவர்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது மிதமாகவோ தீவிரமாகவோ உடலை இயக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. அதற்கு இடம் வேண்டாமா? மாற்றுத்திறனாளிகளுக்கு விளையாட்டிலும் பொழுதுபோக்கிலும் சம உரிமை உண்டு என்று 2006ஆம் ஆண்டின் ஐ.நா. உடன்படிக்கையும் சொல்கிறது. படிக்கட்டு மட்டுமே வைத்துக் கட்டிய பழைய அரங்குகளைத் திருத்துவதே ஒரு தலைமுறைக்கான வேலை. புதிதாகக் கட்டுவதைவிட இருப்பதைச் சீர்செய்வதில்தான் இனி வேலை அதிகம் என்று நினைக்கிறேன்.

பணம் கட்டிச் சேர்ப்பதற்கு முன் இதைச் செய்து பாருங்கள். வீட்டுக்கு அருகில் உள்ள மைதானத்திலோ பூங்காவிலோ மகளை ஒரு வேலை நாளும் ஒரு விடுமுறை நாளும் உட்காரச் சொல்லுங்கள். ஆடுவதற்காக அல்ல, எண்ணுவதற்காக. அரை மணிக்கு ஒரு முறை எத்தனை பேர், என்ன வயது, ஆணா பெண்ணா, என்ன செய்கிறார்கள் என்று கட்டம் போட்டு எழுதட்டும். ஆடாமல் ஓரத்தில் நிற்பவர்கள் யார்? இருட்டியதும் முதலில் கிளம்புவது யார்? போட்டிருக்கும் பாதையை விட்டுப் புல்லை மிதித்து எங்கே குறுக்கு வழி உண்டாக்கியிருக்கிறார்கள்? கழிப்பறைக் கதவு பூட்டியிருக்கிறதா, சாவி யாரிடம்? பிறகு, அங்கே வரவே வராத சிலரிடம் ஏன் வருவதில்லை என்று கேட்கட்டும். இதில்தான் சுவாரசியமான பதில்கள் கிடைக்கும்.

பாதியிலேயே எழுந்து ஆடப் போய்விட்டாள் என்றால் கவலைப்படாதீர்கள். உடற்கல்வி, பயிற்சியாளர் படிப்பு என்று அவளுக்கேற்ற வேறு வழிகள் இருக்கின்றன, அதைப் பற்றிப் பேசலாம். தாளை நிரப்பிக்கொண்டு வந்து, கேட்காமலே "இங்கே ஒரு விளக்கும் அங்கே ஒரு பெஞ்சும் போட்டால் போதும் அம்மா" என்று ஆரம்பித்தால், மேலே சொன்ன நான்கு பட்டங்களில் எது என்பதை மட்டும் முடிவு செய்யுங்கள். அந்தத் தாள்களைத் தூக்கிப் போட்டுவிடாமல் தேதியிட்டு ஒரு கோப்பில் வைக்கச் சொல்லுங்கள். கட்டடக் கலை, வடிவமைப்புப் படிப்புகளின் நேர்காணலில், நீயாகச் செய்த வேலை ஏதாவது இருந்தால் காட்டு என்று கேட்பதுண்டு.